தனியாகக் குளிக்காதே என்கிறீர்கள், துறையை அடைத்தது யார்?

"ஆழமான பகுதி. இங்கு குளிக்கக் கூடாது. மீறிக் குளித்து உயிரிழந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல."

இப்படி எழுதிய பலகைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்மாய்க் கரையில், கல்குவாரி ஓரத்தில், அணைக்கட்டுப் பக்கத்தில் துருப்பிடித்து நிற்கும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் இதையே மாவட்ட நிர்வாகம் செய்திக்குறிப்பாகவும் வெளியிடும். நீர்நிலைகளில் தனியாக இறங்க வேண்டாம், பெற்றோர் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று. ஒரு பிள்ளை செத்துப்போனால் அதே வாசகம் கொஞ்சம் மாறிச் செய்தித்தாளில் வரும்: "தனியாகக் குளிக்கச் சென்ற மாணவர் நீரில் மூழ்கிப் பலி."

தோழர்களே, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். திறந்த நீர்நிலையில் தனியாகக் குளிக்காதே என்பது சரியான அறிவுரை. அதை எதிர்த்து இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. எவ்வளவு பெரிய நீச்சல்காரனுக்கும் காலில் சதை பிடித்துக்கொள்ளும். வலிப்பு வரும். குதிக்கும்போது அடியில் கிடக்கும் பாறையில் தலை மோதும். அப்போது கரையில் ஒரு ஆள் இருந்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் சாவான். சினிமாவில் காட்டுகிற மாதிரி மூழ்குகிறவன் கையை ஆட்டிக் கூச்சல் போடுவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அரை நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்த நேரம் இருக்காது. சத்தமில்லாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே தனியாக இறங்காதீர்கள். உங்கள் தம்பி தங்கைகளையும் இறங்க விடாதீர்கள்.

ஆனால் அறிவுரை சொல்கிறவர்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு சிறுவன் ஏன் தனியாகப் போகிறான்? நான்கு பேர் துணி துவைக்கிற, மாடு குளிப்பாட்டுகிற, பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிற ஊர்ப் படித்துறையை விட்டுவிட்டு, ஆளரவம் இல்லாத குவாரிப் பள்ளத்தை அவன் ஏன் தேடிப் போகிறான்?

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் மாட்டார்கள்.

துறை யாருடையது?

நம் மாவட்டம் ஆற்றை நம்பிய மாவட்டம் இல்லை. வெள்ளாறும் அக்கினியாறும் வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடப்பவை. கண்மாய், குளம், ஏந்தல், ஊருணி என்று ஆயிரக்கணக்கில் வெட்டி, மழைநீரைத் தேக்கி வாழ்ந்த மண் இது. அந்த நீருக்கு அருகே போகும் உரிமை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. குடிக்கும் ஊருணியில் நம் நிழல் படக் கூடாது. குளிக்கும் குளத்தில் ஊருக்கு ஒரு துறை, சேரிக்கு ஒரு துறை. ஊர்த்துறைக்குக் கல் படி இருக்கும், ஆலமரம் இருக்கும், போக வண்டிப்பாதை இருக்கும். நமக்குக் கிடைத்தது சேறும் நெருஞ்சியும் நிறைந்த கடைசி மூலை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். தென் மாவட்டக் கண்மாய்களில் குமிழி மடை இருக்கும். கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண் நிற்கும். அதன் அடியில்தான் நீர் வெளியேறும் துளை. கண்மாய் நிரம்பித் ததும்பும் காலத்தில் ஒருவர் நீந்திப் போய், மூச்சடக்கி முங்கி, கல்லையோ கட்டையையோ நகர்த்தி அதைத் திறக்க வேண்டும். நீர் இழுக்கும் வேகத்தில் ஆளும் உள்ளே போய்விடக் கூடிய வேலை. பல ஊர்களில் இந்த வேலையைச் செய்த மடையர்களும் நீர்ப்பாய்ச்சிகளும் ஒடுக்கப்பட்ட மக்களே. ஊர் வயல் விளைய நம் பாட்டன் உயிரைக் கொடுத்து அந்தத் தண்ணீருக்குள் முங்கலாம். வேலை முடிந்ததும் அவன் பேரன் அதே தண்ணீரில் ஊர்த்துறையில் நின்று தலை நனைக்கக் கூடாது. நீச்சல் நமக்குத் தெரியாத வித்தையாக ஒருநாளும் இருந்ததில்லை. அது வேலையாக இருந்தவரை நம் கையில் விட்டுவைத்தார்கள், உரிமையாகக் கேட்டபோது மறுத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாம் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்றது. அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அது இந்தியாவோடு இணைந்தது 1948-இல்தான். சென்னையின் தீர்மானம் நம் கண்மாய்க்கரையைக் கட்டுப்படுத்தவில்லை. பிறகு அரசமைப்புச் சட்டம் வந்தது. அதன் 15(2) பிரிவைப் படியுங்கள். கிணறு, குளம் என்பதோடு நிற்காமல் "குளிக்கும் துறை" என்றும் தனியாகப் பெயர் சொல்லியிருக்கிறார்கள். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பின், பிரிவு 3(1)-இன் 'இசட்ஏ' கூறில் ஆறு, ஓடை, கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. சட்டம் எழுதியவர்கள் இரண்டு இடத்திலும் துறையை மறக்காததற்குக் காரணம் இருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கிக் கை நிறையத் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடித்த குளம் அது. நம் மக்கள் தொட்டதும் தீட்டுப்பட்டுவிட்டதென்று சாணமும் கோமியமும் ஊற்றிச் "சுத்தம்" செய்தார்கள். அந்தக் குளத்தின் மீதான உரிமையை பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்ய 1937 ஆனது.

இன்று துறையில் தடை என்று எவனும் பலகை வைப்பதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. நாலு பேர் எழுந்து நின்று முறைத்தால் போதும். "எந்தத் தெருடா நீ?" என்று ஒரு கேள்வி போதும். வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் போதும். உங்கள் ஊர்க் கண்மாயில் எந்தத் துறையில் யார் குளிக்கிறார்கள் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்கிறவரையும் கூட்டிப்போங்கள்.

அவமானப்பட விரும்பாத பதினான்கு வயதுப் பையன் என்ன செய்வான்? யாரும் இல்லாத இடத்துக்குப் போவான். அவனுக்குத் தனிமைதான் சுதந்திரம். அந்த இடம்தான் அவனைக் கொல்கிறது. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். மறைவு வேண்டும் என்பதற்காக இருட்டிலும் ஒதுக்குப்புறத்திலும் குளிக்கப் போகிறார்கள். பார்வை படாத இடம் என்றால் உதவியும் வராத இடம் என்றுதான் பொருள்.

பள்ளம் வெட்டியவன் யார்?

இப்போது அவன் போய்ச் சேருகிற இடத்தைப் பார்ப்போம். கல்குவாரிப் பள்ளத்துக்குச் சரிவு கிடையாது. குளத்தில் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஆழம் படிப்படியாகக் கூடும். குவாரியில் முதல் அடியே ஆளை முக்கும். சுவர் செங்குத்தாக இருக்கும், பாசி பிடித்திருக்கும், பிடித்து ஏற ஒரு படி இருக்காது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் ஆழத்தில் சில்லென்று இருக்கும், உடம்பு விறைக்கும். அடியில் வெடி வைத்து உடைத்த கூர்க்கற்கள் கிடக்கும். நீந்தத் தெரிந்தவனும் ஏற வழியில்லாமல் களைத்து மூழ்குகிற இடம் அது.

கண்மாய்க்குள் மண் அள்ளிய பள்ளம் அதைவிட நயவஞ்சகமானது. வண்டல் என்றும் சவுடு என்றும் சொல்லிக் கோடையில் பொக்லைன் இறங்கும். அனுமதித்த ஆழம் ஒன்று, வெட்டிய ஆழம் வேறு. மழை வந்ததும் எல்லாம் ஒரே மட்டமாக நீர் நிற்கும். போன வருடம் இடுப்பளவு நின்ற இடம் இந்த வருடம் இரண்டு ஆள் ஆழம். பிள்ளைக்கு அந்தக் கண்மாய் பழக்கமானதுதான். அதன் தரையைத்தான் ஒரே கோடையில் மாற்றிவிட்டார்கள்.

திறந்தவெளிக் குழியின் விளிம்புக்கு வேலி போடுவது சுரங்க விதிகளின்படி அதை வெட்டியவரின் கடமை. குழியைக் கைவிட்டுவிட்டுப் போனாலும் அந்தக் கடமை போய்விடாது. நம் ஊரைச் சுற்றி எத்தனை பள்ளங்களுக்கு வேலி இருக்கிறது? கல்லை விற்றவர்கள் லாபத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். பள்ளத்தை நமக்கு விட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு பிள்ளை செத்தால் காவல் நிலையத்தில் என்ன நடக்கிறது? முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194. இயற்கைக்கு மாறான மரணம் என்று ஒரு பதிவு. உடற்கூராய்வு. "நீரில் மூழ்கியதால் மூச்சுத்திணறி இறப்பு." கோப்பு மூடப்படும். பள்ளத்தை வெட்டியவர் யார், குத்தகை எப்போது முடிந்தது, வேலி ஏன் இல்லை, ஊர்த்துறைக்கு அந்தப் பையனால் போக முடிந்ததா என்று ஒரு வரிகூட அதில் இருக்காது.

மாயனூர் சொல்லும் பாடம்

2023 பிப்ரவரி 15. நம் மாவட்டம் விராலிமலை அருகே பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளியிலிருந்து மாணவிகள் கால்பந்துப் போட்டிக்காகத் திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கம் போனார்கள். அங்கிருந்து கரூர் மாவட்டம் மாயனூர் கதவணையைப் பார்க்கப் போன இடத்தில் காவிரியில் இறங்கினார்கள். நான்கு மாணவிகள் மூழ்கி இறந்தார்கள். தலைமை ஆசிரியர் உள்ளிட்ட மூன்று ஆசிரியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து தலா 2 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அந்தப் பிள்ளைகள் என்ன சாதி என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. பந்தாடத் தெரிந்த கிராமத்துப் பிள்ளைகள், அரசுப் பள்ளிப் பிள்ளைகள். நம் பிள்ளைகள். நான் சொல்ல வருவது இதுதான்: அவர்கள் தனியாக இல்லை. ஆசிரியர்கள் கூட இருந்தார்கள், தோழிகள் கூட இருந்தார்கள். "தனியாகக் குளிக்காதே" என்ற விதியை அவர்கள் மீறவில்லை. ஆனாலும் செத்துப்போனார்கள்.

ஆகவே துணை என்றால் என்னவென்று நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் ஆள் நிற்பது மட்டும் துணையாகாது. நீந்தத் தெரிந்த ஆள் வேண்டும். எறிய ஒரு கயிறு வேண்டும். இங்கே ஆழம், இங்கே சுழல் என்று அந்த நீரை அறிந்தவர் சொல்ல வேண்டும். இறங்குகிற பிள்ளைக்கு மிதக்கவாவது தெரிந்திருக்க வேண்டும். இதில் எதையும் அரசு அந்தப் பள்ளிக்குக் கொடுத்ததில்லை. கால்பந்துக்குப் பயிற்சி கொடுத்த அரசுப் பள்ளி அமைப்பில் நீச்சலுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. மூன்று ஆசிரியர்களைத் தண்டித்ததோடு அமைப்பு கையைக் கழுவிக்கொண்டது.

பழியை நம் தலையில் இறக்கி வைப்பதில் இந்த மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல் துறைக்கும் பழக்கம் உண்டு. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது வெளியே வந்தது. அதை விசாரிக்கப் போன அதிகாரிகளே பக்கத்தில் இறையூரில் இரட்டைக் குவளையையும் கோயில் நுழைவு மறுப்பையும் நேரில் கண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை யார் மீது விழுந்தது? அந்தத் தண்ணீரைக் குடித்த அதே மக்களில் மூன்று பேர் மீது. குடித்தவன் மீதே குற்றம் சொன்ன அமைப்புக்கு மூழ்கியவன் மீது குற்றம் சொல்வது பெரிய காரியமா? "கவனக்குறைவு", "எச்சரிக்கையை மீறி" என்ற சொற்கள் அங்கிருந்துதான் வருகின்றன.

தண்ணீருக்குச் சாதி தெரியாதாம்

சிலர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்: "மூழ்கிச் சாவதிலும் சாதியா? தண்ணீருக்குச் சாதி தெரியுமா?" தண்ணீருக்குத் தெரியாது. ஆனால் தண்ணீருக்குப் போகும் பாதை, படி, துறை எல்லாவற்றையும் மனிதர்கள்தான் பங்கு போட்டிருக்கிறார்கள்.

இது நம் ஊரோடு முடிகிற கதையும் இல்லை. 1919 ஜூலை 27. அமெரிக்காவின் சிகாகோ நகரம், மிச்சிகன் ஏரி. யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் நண்பர்களோடு மிதவையில் விளையாடிக்கொண்டிருந்தான். வெள்ளையர் குளிக்கும் பகுதிக்கும் கறுப்பர் குளிக்கும் பகுதிக்கும் இடையே தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருந்தது. மிதவை அந்தக் கோட்டைத் தாண்டியது. கரையிலிருந்த வெள்ளையன் கல்லெறிந்தான். சிறுவன் மூழ்கி இறந்தான். எறிந்தவனைக் கைது செய்யக் காவலர் மறுத்தார். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள். அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அமெரிக்காவில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பொது நீச்சல் குளங்கள் மூடியே இருந்தன. நீந்தாத பெற்றோரின் பிள்ளைகள் நீந்தவில்லை, அவர்களின் பிள்ளைகளும் நீந்தவில்லை. விளைவு என்ன? 10 முதல் 14 வயதுக் கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் வெள்ளையப் பிள்ளைகளைப்போல் 7.6 மடங்கு என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்குச் சொல்கிறது. வாசல் திறந்த பிறகும், மூடியிருந்த காலத்தின் சாவு தொடர்கிறது.

அமெரிக்காவில் கணக்காவது எடுத்தார்கள். இங்கே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். வயது இருக்கிறது, ஆணா பெண்ணா என்று இருக்கிறது. எந்தத் தெருப் பிள்ளை, எந்த மாதிரி நீர்நிலை, வேலி இருந்ததா என்பது இல்லை. எண்ணாத சாவுக்குப் பொறுப்பும் கிடையாது, திட்டமும் கிடையாது. உலக அளவில் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்தில் ஒன்பதுக்கு மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021-இல் ஜூலை 25-ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது. உங்கள் கல்லூரியில் அந்த நாளில் ஒரு கூட்டமாவது நடந்ததா?

இன்னொரு வாதம்: "நீச்சல் கற்றுக்கொடுத்தால் தைரியம் வந்து ஆழத்துக்குப் போய்ச் சாவார்கள்." கற்றுக்கொடுக்காமல் இருப்பதற்கு இதைவிட வசதியான சாக்கு வேறில்லை. நம்மைவிட வளமில்லாத வங்கதேசம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அங்கே ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களை வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், கரையிலிருந்தபடி அடுத்தவரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே சாவு பெருமளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனம் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறது.

சைக்கிள் கற்ற மாவட்டம்

நம் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், செவிலியர், ஆசிரியர் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பொம்பளைக்கு எதற்குச் சைக்கிள் என்று கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அந்தப் பெண்கள் கேலிக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனார்கள். பேருந்து வராத ஊரிலிருந்து அவர்களை யாருடைய தயவும் இல்லாமல் வெளியே கொண்டுவந்தது அந்தச் சைக்கிள்.

ஒரே சில ஆண்டுகளில் லட்சம் பெண்களுக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுத்த மாவட்டத்தால் அவர்கள் பேத்திகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க முடியாதா? அதற்குப் பளிங்கு பதித்த நீச்சல் குளம் வேண்டாம். நகரத்தில் கட்டணம் கட்டி நீந்தும் குளம் நம் பிள்ளைக்கு வந்து சேராது. இடுப்பளவு நீர் நிற்கும் ஊர்க் குளம், கயிறு கட்டிப் பிரித்த ஒரு சிறு பகுதி, சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ காலி குடமோ போதும். கற்றுக்கொடுக்க ஆள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். முங்கு நீச்சல் அடித்த பெரியப்பாக்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். பயிற்சி ஊர்த்துறையில் நடக்க வேண்டும், எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக நடக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சேரிக்குத் தனி நாள், தனி மூலை என்றால் அது நீச்சல் வகுப்பாக இருக்காது, பழைய துறையாகவே இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

ஒன்று. உங்கள் ஊராட்சியில் உள்ள குவாரிப் பள்ளம், மண் அள்ளிய குழி எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். குத்தகை யார் பெயரில் இருந்தது, எப்போது முடிந்தது, வேலி போட உத்தரவு உண்டா என்று மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வந்த பதிலைக் கிராம சபையில் படியுங்கள், தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

இரண்டு. ஒரு சாவு நடந்துவிட்டால், 194 பதிவோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். வேலியில்லாத பள்ளம் என்றால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா 106-இன் கீழ் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். ஊர்த்துறையில் தடுக்கப்பட்டதற்குச் சாட்சி இருந்தால் வன்கொடுமைச் சட்டப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். புகாருக்கு ரசீது வாங்குங்கள். தாயும் தகப்பனும் அழுதுகொண்டிருக்கும்போது இதையெல்லாம் யோசிக்க மாட்டார்கள். யோசிக்க வேண்டியவர்கள் நீங்கள்.

மூன்று. நிவாரணத்தைத் தயவாகக் கேட்காதீர்கள். ஒரு சாவுக்குப் பத்திரிகையில் படம் வந்தால் 2 லட்சம், வராவிட்டால் ஒன்றுமில்லை என்பது நியாயமாகாது. பொது நீர்நிலையில், கைவிட்ட குழியில் சாகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நிலையான இழப்பீடு என்று அரசாணை கேளுங்கள். அதைக் குழி வெட்டியவரிடம் வசூலிக்கச் சொல்லுங்கள்.

நான்கு. காப்பாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். மூழ்குகிறவனைப் பார்த்ததும் பயிற்சி இல்லாமல் குதிக்காதீர்கள், அவன் உங்களையும் சேர்த்து இழுப்பான். கரையில் படுத்துக்கொண்டு கயிறு, வேட்டி, சேலை, நீளமான கம்பு எது கிடைக்கிறதோ அதை நீட்டுங்கள். மூடிய காலி குடத்தை எறியுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் அணை நீரில் சிக்கிய இளைஞர்களுக்குக் கரையிலிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து எறிந்தார்கள். நால்வரில் இரண்டு பேர் பிழைத்தார்கள். அந்தப் பெண்களுக்கு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. விருது கொடுத்த அரசு ஒவ்வொரு கரையிலும் ஒரு கயிறைக் கட்டி வைத்திருக்கலாம்.

ஐந்து. கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் இரண்டு முதல் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நடுமார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல் தொடருங்கள். இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும். மூச்சு திரும்பினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாயில் வாய் வைக்க எந்தச் சாதி என்று பார்க்கிறவன் கரையில் நின்றால் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஆறு. கூட்டமாகப் போங்கள், குடித்துவிட்டு இறங்காதீர்கள், தெரியாத நீரில் தலைகீழாகக் குதிக்காதீர்கள், ஒருவர் எப்போதும் கரையில் நில்லுங்கள். போகிற இடம் ஊர்த்துறையாக இருக்கட்டும். முறைப்பவர்கள் முறைக்கட்டும். நீங்கள் பத்துப் பேர், உங்கள் பக்கம் 15(2) இருக்கிறது.

இந்தக் கோரிக்கைகளில் ஒன்றுகூடத் தலித் பிள்ளையை மட்டும் காப்பாற்றுவது இல்லை. குவாரிக்கு வேலி போட்டால் எல்லாச் சாதிப் பிள்ளையும் பிழைக்கும். பள்ளியில் நீச்சல் வந்தால் எல்லா வீட்டுப் பெண்ணும் மிதப்பாள். துறையை அடைத்து வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும் அதே மண் குழிகளில்தான் விழுகிறார்கள். ஆனால் அதைக் கேட்டு வாங்கும் வேலை, எப்போதும்போல், நம் தோளில்தான் விழுந்திருக்கிறது. கோடை விடுமுறைக்கு முன்னால் உங்கள் ஊர்ப் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். இப்போதே தொடங்குங்கள்.

ஜெய்பீம்.